சறுக்கும் வண்டியை மீட்கக் கற்றால் போதுமா?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிப்பவர், அரசு பஸ் ஓட்டுநராகவும் பின்னர் ஓட்டுநர் பயிற்சியாளராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. லைசென்ஸ் வாங்கிய கையோடு ‘அட்வான்ஸ்டு டிரைவிங்’ வகுப்பில் சேர வேண்டும் என்கிறான். தண்ணீர் விட்ட தளத்தில் காரைச் சறுக்கவிட்டு மீட்கக் கற்றுத் தருவார்களாம். கட்டணம் அதிகமாக இருக்கிறது. சேர்க்கலாமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: பணம் கட்டுவதற்கு முன் நார்வேயில் நடந்ததைக் கேளுங்கள், அம்மா. சாலையில் பனி உறைந்து கிடக்கும் நாடு அது. சறுக்கலை மீட்கும் பயிற்சி அங்கே கட்டாயம் வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1979-இல் புதிய ஓட்டுநர்களுக்கு அதைக் கட்டாயமும் ஆக்கினார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, பயிற்சி பெற்ற இளைஞர்கள் வழுக்குச் சாலையில் விபத்துக்குள்ளாவது குறையவில்லை, கூடியிருந்தது. கையில் படிந்த வித்தை பழக்கம் விட்டுப்போனால் மங்கிவிடும். ‘எனக்குத் தெரியும்’ என்ற தைரியம் மங்காது. அது நேராக ஆக்சிலரேட்டரில் போய் இறங்கும். ஸ்வீடன் இதைப் புரிந்துகொண்டு 1999-இல் பாடத்தையே மாற்றியது. வண்டியை மீட்பதைவிட, அது எவ்வளவு சுலபமாகக் கைமீறிப் போகும் என்பதை உணர்த்துவதே அங்கே நோக்கமாயிற்று.

2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 71 பேரின் சாவு அதிவேகத்தின் கணக்கில் பதிவாகியிருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், நாம் ஆபத்தைப் பார்த்துக் காலை பிரேக்குக்குக் கொண்டுபோகும் அந்த ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். கிட்டத்தட்ட இரண்டு பஸ் நீளம். அந்த நொடியை மிச்சப்படுத்தித் தருவது கண்தான், ஸ்டியரிங் வித்தை அல்ல.

ஆகவே பயிற்சி மையத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஊருக்குள், நெரிசலில், இரவில், பையன் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் சொல்லிக்கொடுப்பீர்கள்?” பதிலில் தயக்கம் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நல்ல பயிற்சியில், ஓட்டுகிறவர் தான் பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். பிரிட்டனில் போலீஸ் ஓட்டுநர்களைப் பழக்குவதும் இப்படித்தான். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்கள் முதலில் கூச்சப்படுவார்கள். பிறகு இப்படிச் சொல்லத் தொடங்குவார்கள்: “முன்னால் டவுன் பஸ் நிற்கிறது. பஸ்ஸுக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிகின்றன, யாரோ முன்பக்கமாகக் கடக்கப் போகிறார். கால் பிரேக் மேல். இடது ஓரத்தில் ஆட்டோ. முன்சக்கரம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது, கிளம்பப் போகிறான்.” பஸ்ஸுக்கு அடியில் தெரியும் கால்களைப் பார்க்கப் பழகிய பையனை நீங்கள் நிம்மதியாக அனுப்பலாம். இதற்குப் பெரிய மைதானம் தேவையில்லை. பொறுமையான ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். நீங்களே கூட அந்த ஆளாக இருக்கலாம்.

கேள்வி: அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் படித்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை என்பது உண்மையா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: உண்மை. 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதி அது. கார் போன்ற இலகுரக வாகனங்களுக்கு 29 மணி நேரப் பாடம், அதிகபட்சம் நான்கு வாரம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிரிட்டனில் 2002 முதல் லைசென்ஸ் தேர்விலேயே சாலைக் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, ஆபத்து உருவாவதை எவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்கிறார் என்று மதிப்பெண் போடுகிறார்கள். நம் தேர்விலும் அது கட்டாயம் வர வேண்டும்.

கேள்வி: மழையில் திடீரென்று பிரேக் அடித்தபோது பெடல் தடதடவென்று காலை உதைத்தது. பயந்து காலை எடுத்துவிட்டேன். பிரேக்கில் கோளாறா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: கோளாறில்லை, ஏ.பி.எஸ். வேலை செய்திருக்கிறது. சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் அது பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். காலை எடுக்காமல் அழுத்தியபடியே, போக வேண்டிய பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். காலியான இடத்தில், மெதுவான வேகத்தில் ஒருமுறை வேண்டுமென்றே அழுத்திப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். மழையில் முன்வண்டிக்கும் உங்களுக்கும் நான்கு நொடி இடைவெளி இருக்கட்டும்.

கேள்வி: கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பிரேக் கருகிய வாசனை வந்தது. எப்படி இறங்க வேண்டும்?
– வாசகர், சேலம்

பதில்: 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே கடந்திருக்கிறீர்கள். முதல் வளைவுக்கு முன்பே, மேலே இருக்கும்போதே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். செங்குத்தான இடத்தில் முதல் கியர். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை அழுத்தமாகக் கொஞ்ச நேரம் பிடித்து, முழுதாக விட்டுவிடுங்கள். நியூட்ரலில் இறங்கவே கூடாது. ஏறி வரும் வண்டிக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும். மறுபடி வாசனை வந்தாலோ, பெடல் மெத்தென்று உள்ளே போனாலோ, அகலமான இடம் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் காத்திருங்கள். அவசரப்பட்டுச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்; கொதிக்கும் டிஸ்க் விரிசல் விடும். தானாக ஆறட்டும். கீழே வந்ததும் முதல் வேலையாக மெக்கானிக்கிடம் பிரேக் ஆயிலையும் பேடையும் காட்டிவிடுங்கள்.