லோப்புரி விழாவுக்குத் தாய்லாந்து உடையில் போகலாமா?

கேள்வி: கணவரின் வேலைக்காக பாங்காக் வந்து ஆறு மாதம் ஆகிறது. பிப்ரவரியில் லோப்புரியில் நடக்கும் நாராய் மன்னர் விழாவுக்கு அவருடைய அலுவலகத் தோழி எங்கள் குடும்பத்தையே அழைத்திருக்கிறார். அவருக்குச் சொந்த ஊர் அதுதான். "நாங்கள் எல்லாரும் பழைய காலத்துத் தாய்லாந்து உடையில் வருவோம், நீங்களும் அப்படியே வாருங்கள்" என்கிறார். எனக்கு ஆசைதான். ஆனால் அவர்களுடைய உடையை நான் உடுத்தினால் வேடம் கட்டியது போல ஆகிவிடுமோ, யாராவது மனம் நோவார்களோ என்று தயக்கம். தோள் வெளியே தெரிவதும் கூச்சமாக இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "நமக்குச் சேலை இருக்கும்போது எதற்கம்மா இதெல்லாம்?" என்கிறார். கணவர் சிரித்தே மழுப்புகிறார். ஒன்பது வயது மகளோ, நாட்டியக்காரர்கள் வைக்கும் கூரான கிரீடம் இருந்தால்தான் வருவேன் என்கிறாள். நான் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, பாங்காக்

பதில்: தாராளமாக உடுத்திக்கொண்டு போங்கள். உங்களை அழைத்தவர் அந்த ஊர்க்காரர். என்ன உடுத்தி வர வேண்டும் என்பதையும் அவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். விருந்துக்குக் கூப்பிட்டவர் இலை போட்டு உட்காரச் சொன்ன பிறகு வாசலிலேயே நிற்பது மரியாதை ஆகாது.

இந்த விழாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால் உங்கள் தயக்கம் பாதி குறையும். நாராய் மன்னர் 1656 முதல் 1688 வரை அன்றைய தலைநகரான அயுத்தயாவிலிருந்து ஆண்டவர். லோப்புரியை இரண்டாம் தலைநகராக்கி, அங்கே ஓர் அரண்மனையும் கட்டி, ஆண்டின் பெரும்பகுதியை அங்கேதான் கழித்தார். பாரசீகம், பிரான்ஸ் என்று பல நாட்டுத் தூதர்கள் வந்துபோன அரசவை அவருடையது. ஃபால்கன் என்ற கிரேக்கர் ஒருவரே அவரிடம் பெரிய அதிகாரியாக இருந்தார். விழா நடப்பது அந்தப் பழைய அரண்மனை வளாகத்தில்தான். விழா நாட்களில் கடைக்காரர், ஆசிரியர், அரசு ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் என்று ஊரே அந்தக் காலத்து உடைக்கு மாறிவிடும். அந்தக் கூட்டத்தில் ஜீன்ஸ் போட்டவர்தான் தனியாகத் தெரிவார். வெளிநாட்டு முகம் இந்த விழாவுக்குப் புதிதும் இல்லை. அது கொண்டாடும் அரசவையே அப்படிப்பட்டதுதானே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாய்லாந்துக்காரர்களுக்கே இந்த உடை இடையில் கைவிட்டுப் போன ஒன்று. 1939 முதல் 1942 வரை பிரதமர் பிபுன் சோங்க்ராமின் அரசு வரிசையாகப் பண்பாட்டு ஆணைகள் பிறப்பித்தது. 1941-இல் உடை பற்றியே ஓர் ஆணை வந்தது. நாகரிகமான நாடு என்று உலகம் மதிக்க வேண்டும் என்பதற்காகப் பெண்கள் பாவாடையும் தொப்பியும் அணியச் சொன்னார்கள். காலிடுக்கில் சுற்றிச் செருகும் பழைய கட்டை ஒதுக்கினார்கள். அப்புறம் 1960 வாக்கில், அரசி சிரிகிட் (2025 அக்டோபரில் மறைந்தார்) ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அரசுமுறைப் பயணம் போக வேண்டியிருந்தபோது, தேசிய உடை என்று காட்ட நிலையான ஒரு வடிவம் இல்லை. பழைய படங்களையும் அரண்மனை வழக்கங்களையும் ஆராய்ந்து உருவாக்கப்பட்டவைதான் இன்று அரங்குகளிலும் திருமணங்களிலும் நாம் பார்க்கும் எட்டு வகைப் பெண்கள் உடைகள். இளையவர்களிடம் பழைய உடை ஆசை பெரிதாகப் பரவியது 2018-இல்தான். நாராய் மன்னர் காலத்தில் நடப்பதாக ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு, அயுத்தயாவின் இடிந்த கோயில்களுக்கு வாடகை உடையில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஆக, அவர்களே ஆசையோடு மீட்டெடுத்துக்கொண்டிருக்கும் ஒன்றில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு இது பெரிய அன்பாகத்தான் தெரிகிறது.

மாமியாரிடம் இரண்டு செய்திகள் சொல்லுங்கள். அயுத்தயா அரசவையில் உயர்ந்தவர்கள் உடுத்திய பூவேலைப் பருத்தித் துணிகளில் பல, நம் சோழமண்டலக் கரையில் சாயமேற்றப்பட்டுக் கப்பலேறிப் போனவை. அன்று சியாம் எனப்பட்ட தாய்லாந்தில் தங்கள் ரசனைக்கேற்ற கோலங்களை வரைந்து அனுப்புவார்கள். இங்குள்ள கைவினைஞர்கள் அதைப் பார்த்துத் துணியில் ஏற்றித் தருவார்கள். 'பா லாய் யாங்' என்று அவற்றுக்குப் பெயர். வாடகைக் கடையில் இன்று தருவது இயந்திரத்தில் அச்சிட்டதாக இருக்கலாம், ஆனாலும் அந்தக் கோலங்களின் சாயலை அதில் பார்க்கலாம். இரண்டாவது, பாங்காக் சீலோம் சாலை மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. நவராத்திரிக்கு அங்கே சேலை கட்டி, பொட்டு வைத்து வரும் தாய்லாந்துப் பெண்களை அவர் பார்க்க வேண்டும். அவர்களைப் பார்த்து நமக்குக் கோபமா வருகிறது? கொசுவம் சரியாக இல்லாவிட்டால் பக்கத்தில் போய்ச் சரிசெய்துவிடத்தான் தோன்றுகிறது. லோப்புரியில் உங்களுக்கும் அப்படி யாராவது ஒரு பாட்டி வந்து தோள்துணியை இழுத்துச் சரிசெய்யக்கூடும். கூச்சப்படாமல் நின்று செய்துகொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் மாமியார் சேலைதான் என்றால் விட்டுவிடுங்கள். நல்ல பட்டுச் சேலையில் அவர் வந்தால் அங்கே யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். வயதானவரை வற்புறுத்தி உடை மாற்ற வைக்கும் அளவுக்கு இது பெரிய விஷயம் இல்லை.

உடைக்கு வருவோம். அயுத்தயா காலத்துப் பெண்கள் உடை என்று கடையில் தருவதில் இரண்டு பகுதிகள் முக்கியம். இடுப்புக்கு 'சோங் க்ராபென்': நீளத் துணியை இடுப்பில் சுற்றி, முன்னால் முடிந்து, இரு முனைகளையும் சேர்த்துச் சுருட்டி, கால்களுக்கிடையே கொண்டுபோய்ப் பின்னால் செருகுவது. நம் கச்சம் கட்டைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இது உடனே பிடிபடும். மேலுக்கு 'சபாய்': மார்பைச் சுற்றி, இடது தோள் மேல் போட்டுப் பின்னால் தொங்கவிடும் மடிப்புத் துணி. வலது தோள் திறந்திருக்கும். உங்கள் கூச்சம் இதில்தானே?

கூச்சமாக இருந்தால் இதைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். அசௌகரியமாக ஒரு மாலை முழுக்கத் தோளை மறைத்துக்கொண்டே நடக்கும் பெண்ணைப் பார்த்தால் அழைத்தவருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். சுலாலங்கோர்ன் மன்னர் (1868–1910) காலத்து உடையைக் கேளுங்கள். முழுக்கை லேஸ் ரவிக்கை, அதன்மேல் குறுக்கே ஒரு பட்டுத் துணி, கீழே அதே சோங் க்ராபென். இல்லாவிட்டால் அந்த எட்டு வகைகளில் ஒன்றான 'சித்ரலதா': முழுக்கைப் பட்டு ரவிக்கையும் கணுக்கால் வரை வரும் பட்டுப் பாவாடையும். இரண்டுமே நாராய் மன்னருக்கு வெகுகாலம் பிந்தியவை. விழாவில் யாரும் அதற்காக முகம் சுளிக்கப் போவதில்லை. ஆனால் எந்தக் காலத்தை எடுத்தாலும் மேலிருந்து கீழ் வரை அந்தக் காலமாகவே இருக்கட்டும். லேஸ் ரவிக்கை மேல் அயுத்தயா காலத்துச் சபாய், அதற்குமேல் நம்மூர் ஒட்டியாணம் என்று கலந்து கட்டினால்தான் நீங்கள் பயப்படுகிற அந்த வேடத் தோற்றம் வரும்.

வாடகைக் கடைகள் பாங்காக்கில் வாட் அருண் கோயிலைச் சுற்றி நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் சில நூறு பாட் செலவில் முடிந்துவிடும். விலைக்கே வாங்குவதென்றால் பாஹுரத் சந்தைக்குப் போங்கள். இந்திய வம்சாவளி வியாபாரிகள் நிறைந்த இடம், பேச்சும் எளிது. முடிந்தால் அந்தத் தோழியையும் கூட்டிக்கொண்டு போங்கள். எது எந்தக் காலம், எந்த நிறம் எதனோடு பொருந்தும் என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்பதே ஒரு சந்தோஷம். கிழமைக்கு ஒரு நிறம் என்ற பழைய வழக்கம் அங்கே உண்டு. ஞாயிறு சிவப்பு, திங்கள் மஞ்சள், செவ்வாய் இளஞ்சிவப்பு, புதன் பச்சை, வியாழன் ஆரஞ்சு, வெள்ளி இளநீலம், சனி ஊதா. போகிற கிழமைக்கேற்ற நிறத்தில் சபாயோ குறுக்குத் துணியோ எடுத்தால் கவனித்துப் பாராட்டுவார்கள். முழுக் கறுப்பு மட்டும் வேண்டாம், அது துக்க நிறம்.

தைத்து, கொக்கி வைத்த சோங் க்ராபெனையே கேளுங்கள். நிஜமான கட்டு அழகுதான், ஆனால் கழிவறைக்குப் போய் வந்து மறுபடி கட்ட உங்களுக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு ஊக்குகள், எளிதில் கழற்றக்கூடிய செருப்பு, ஒரு மெல்லிய சால்வை இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் ஏதாவது கோயிலில் நுழைந்தால் சால்வை உதவும். பிப்ரவரியில் பகல் வெயில் கடுமை, எனவே மாலையில் போவது நல்லது.

உங்கள் கணவர் சிரிப்பதை நான் புரிந்துகொள்கிறேன், ஆண்களுக்கு இந்தக் கூச்சம் அதிகம். அவரிடம் 'ராஜபத்தேன்' கோட்டைக் காட்டுங்கள். ஐந்து பொத்தான் வைத்த, கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டு. 1872-இல் இளம் மன்னர் சுலாலங்கோர்ன் இந்தியா வந்திருந்தபோது கல்கத்தாவில் ஒரு தையற்காரரிடம் தைக்கச் சொன்னதிலிருந்து தொடங்கிய உடை அது. கீழே சோங் க்ராபெனும் வெள்ளைக் காலுறையும் போட்டுக்கொண்டால் மிடுக்காகவே இருப்பார். அதையும் மறுத்தால் சாதாரணச் சட்டையில் வரட்டும், அவர் இஷ்டம்.

மகள் விஷயத்தில்தான் நான் கண்டிப்பாக 'வேண்டாம்' என்று சொல்கிறேன். அந்தக் கூரான கிரீடத்தைச் 'சடா' என்பார்கள். நாட்டியக் கலைஞர்கள் அதைக் குருவாக மதித்து, பூசை செய்து, வணங்கிவிட்டுத்தான் தலையில் வைப்பார்கள். 2012 மே மாதம் லேடி காகா பாங்காக் மேடையில் அதைக் கவர்ச்சி உடையோடு அணிந்து பாடியபோது பலர் மனம் புண்பட்டது. குழந்தையிடம் இதை மறைக்காமல் அப்படியே சொல்லுங்கள்; ஒன்பது வயதுக்குப் புரியும். கொண்டையைச் சுற்றிப் பூச்சரம் வைக்கும் பழைய வழக்கம் அங்கேயும் உண்டு. அதை வைத்துவிட்டால் கிரீடம் மறந்துபோகும்.

இதோடு சேர்த்துப் பெரியவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அரசி மாதிரி, மன்னர் மாதிரி நடித்துக் காட்டுவது, அப்படிப் படம் எடுத்துப் போடுவது இதெல்லாம் விளையாட்டுக்கும் கூடாது. 2020 அக்டோபரில் சீலோம் சாலைப் போராட்டம் ஒன்றில் இளஞ்சிவப்புத் தாய்லாந்துப் பட்டு உடுத்தி நடந்த ஒருவருக்கு, அரசியைக் கேலி செய்தார் என்று 2022-இல் இரண்டாண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். உடை உடுத்தியதற்காக அவர்மேல் வழக்கு வரவில்லை, கேலியாகப் பார்க்கப்பட்டதற்காக வந்தது. உங்களுக்கு அப்படி ஒரு எண்ணமே கிடையாது, தெரியும். ஆனால் அங்கே வாழ வந்திருக்கிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டம் இது. மாலை ஆறு மணிக்குத் தேசிய கீதம் ஒலித்தால் குடும்பத்தோடு அசையாமல் நில்லுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். இடிந்த சுவர்கள் மேல் ஏற வேண்டாம்.

லோப்புரியில் குரங்குகளும் பிரசித்தம். 2024-இல் நூற்றுக்கணக்கில் பிடித்து அடைத்தார்கள். என்றாலும் முக்கோபுரக் கோயிலான ப்ராங் சாம் யோட் பக்கம் போவதாக இருந்தால் பளபளக்கும் நகைகளையும் தொங்கும் காதணிகளையும் முன்பே கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். வாடகை நகை தொலைந்தால் கட்டிய முன்பணம் போய்விடும்.

கடைசியாகச் சாப்பாடு. 'தோங் யிப்', 'தோங் யோட்', 'ஃபோய் தோங்' என்று பொன்னிறத்தில் மின்னும் இனிப்புகள் விழாக் கடைகளில் கண்ணைப் பறிக்கும். நாராய் அரசவையோடு தொடர்புடையவைதான்; ஃபால்கனின் மனைவி மரியா கியோமார் அறிமுகப்படுத்தியதாகச் சொல்வார்கள். மூன்றுமே முட்டை மஞ்சள் கருவில் செய்பவை. மாமியார் சைவமா என்று நீங்கள் எழுதவில்லை. சைவம் என்றால் தட்டை நீட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். அவருக்கு அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கலந்து குழிச்சட்டியில் சுடும் 'கனோம் க்ரோக்' வாங்கிக் கொடுக்கலாம், சூடாக இருக்கும்போதே. மேலே என்ன தூவுகிறார்கள் என்பதை மட்டும் தோழியை விட்டு ஒருமுறை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.