விட்ட ஓட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு வயது 44. ஐந்து வருடங்களாக வாரம் மூன்று நாள், நாளுக்கு 5 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்துக்கு முன் படியில் கால் பிசகி விழுந்ததில் வலது கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த அடுத்த மாதமே அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது அவரைக் கவனிப்பது முழுக்க நான்தான். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, ஓடலாம் என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் விட்டுவிட்டேன். முதல் நாள் 3 கிலோமீட்டர் ஓடினால் அடுத்த மூன்று நாள் படி இறங்க முடிவதில்லை. எடை 7 கிலோ கூடிவிட்டது. முன்பிருந்த மன உறுதி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மறுபடியும் ஊக்கம் வர என்ன செய்வது? – ஒரு வாசகி

பதில்: நான்கு முறையும் உங்கள் ஓட்டம் ஒரே இடத்தில்தான் நின்றிருக்கிறது, 3 கிலோமீட்டர் ஓடிய மறுநாளில். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது இதுதான். மன உறுதியைத் தேடுவதற்கு முன் அந்த 3 கிலோமீட்டரைக் கேள்வி கேட்க வேண்டும். உடல் இன்று தாங்கக்கூடியது அதில் பாதிகூட இல்லை.

கட்டுக்குள் இருந்த ஆறு வாரத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். கெண்டைக்கால் தசை மெலிந்திருக்கும். அதைவிட வேகமாக அதன் வலு குறைந்திருக்கும், ஏனென்றால் தசையை முழுமையாக இயக்கும் நரம்புத் தூண்டலும் மங்கிவிடுகிறது. கணுக்கால் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு இறுகியிருக்கும். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் இதயமும் இரத்த ஓட்டமும் தங்கள் பங்குக்குப் பின்வாங்கியிருக்கும். 1966ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் மறுபடி சோதித்தபோது, முப்பது வருட வயோதிகத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கைதான் அவர்களுடைய உடல்திறனை அதிகம் குறைத்திருந்தது தெரிந்தது. பிறகு, 50 வயதில், ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் இளமையில் இருந்த அளவுக்கே திரும்பியது. இந்த இரண்டாவது பாதியைத்தான் நீங்கள் மனதில் வைக்க வேண்டும். உடல்திறன் வேகமாகப் போகும், ஆனாலும் திரும்ப வரும், ஆறு மாதம் போன்ற ஒரு கால அளவில்.

படி இறங்க முடியாத அந்த வலிக்கு, பலர் நினைப்பதுபோல, லாக்டிக் அமிலம் காரணமில்லை. அது ஓட்டம் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து வெளியேறிவிடும். ஒவ்வோர் அடி தரையில் படும்போதும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழக்கம் விட்டுப்போன தசையில் அந்த வேலை நுண்ணிய சேதத்தை உண்டாக்கும். வலி 24 மணி நேரத்துக்குப் பிறகு ஏறி, இரண்டு மூன்று நாளில் உச்சம் தொடும். படி இறங்கும்போதும் தொடைக்கு அதே வேலைதான், அதனால்தான் ஏறுவதைவிட இறங்குவது கொல்கிறது. நல்ல செய்தி ஒன்று உண்டு. இதே வேலையைச் சிறிய அளவில் ஒருமுறை பழக்கிவிட்டால், அடுத்த முறை தசை அவ்வளவு வலிக்காது. வலிக்கும் அளவுக்குப் போய்த்தான் இந்தப் பாதுகாப்பைப் பெற வேண்டும் என்பதில்லை.

ஓடத் தொடங்கும் முன் சில விஷயங்களைச் சரிபார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், வைட்டமின் பி12, வைட்டமின் டி, மூன்று மாத சராசரி சர்க்கரை, கொழுப்பு. மாதவிடாய் முன்பைவிட அதிகமாகப் போகிறதென்றால் ஃபெரிட்டினைக் கட்டாயம் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு மட்டும் தீர்ந்திருந்தாலே உடல் சோர்ந்துவிடும், அந்தச் சோர்வைப் பலர் சோம்பல் என்று நினைத்துத் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்திருப்பதால் உங்கள் இரத்த அழுத்தத்தையும் வேறு வேறு நாட்களில் இரண்டு மூன்று முறை எடுத்துப் பாருங்கள். 140/90ஐத் தாண்டினால் ஓட்டத்துக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னும் இரண்டு கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மனம் துவண்டு, நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போய்விட்டதா? இரண்டில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மனநல மருத்துவரிடமோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பேசுங்கள். இரவு பகலாக ஒருவரைப் பராமரிப்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது சகஜம். நடையும் ஓட்டமும் அதைக் குறைக்க உதவும், ஆனால் சிகிச்சை தேவைப்படும் இடத்தில் அவற்றை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. உயிரோடு இருப்பதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே உதவி தேடுங்கள், யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இனி கணுக்கால். எலும்பு கூடிவிட்டது என்பதும் கால் ஓடத் தயார் என்பதும் வேறு வேறு. வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். குதிகாலைத் தூக்காமல் முட்டியை மடக்கிச் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற வரை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்துங்கள். கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். வலது கால் 2 சென்டிமீட்டருக்கு மேல் குறைவாக இருந்தால் மூட்டு இன்னும் இறுக்கமாக இருக்கிறது. இதே அசைவையே தினமும் 10 முறை வீதம் மூன்று சுற்று செய்தால் அது தளரும்.

அடுத்தது, விரல்நுனியால் சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்குவது. முட்டி மடங்கக் கூடாது. இரண்டு நொடியில் மேலே, மூன்று நொடியில் கீழே. இடது காலில் 20, 25 வரும். வலது காலில் எட்டோ பத்தோ வந்து, குதிகால் பாதி உயரத்திலேயே நின்றுவிட்டால், நான்கு முறை தோற்றதன் காரணத்தை அங்கேயே பார்த்துவிடலாம். அந்த வலு இல்லாத காலில் ஓடினால் சுமை முழுவதும் குதிகால் தசைநாணுக்கும் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நார்) இடது முட்டிக்கும் போகும். இரண்டு காலாலும் 12 முறை வீதம் மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அது சுலபமானதும் இரண்டு காலால் ஏறி வலது காலால் மட்டும் இறங்குங்கள். பிறகு முழுக்க ஒற்றைக் காலில். வலது காலில் 20 வருகிறவரை நடைதான், ஓட்டம் இல்லை.

நடையை வாரம் நான்கு நாள், 10 முதல் 15 நிமிடத்தில் தொடங்குங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். இரண்டு வாரம் கழித்து 20 நிமிடம், பிறகு 30. வேகமாக 30 நிமிடம் நடந்தும் மறுநாள் கால் புகார் சொல்லவில்லை, ஒற்றைக் கால் கணக்கும் 20 வந்துவிட்டது என்றால் ஓட்டத்தை நடுவில் செருகலாம். ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. மொத்தம் 24 நிமிடம். வாரத்தில் மூன்று நாள், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். ஒரு வாரம் அப்படியே இருந்துவிட்டுப் பிறகு ஓடும் நிமிடத்தைக் கூட்டுங்கள். நிமிடம் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள், மேட்டில் ஏறாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் வலி வரும்போது காரணம் தெரியும். ஓட்டத்தைச் செருகிய பின் எட்டுப் பத்து வாரத்தில் 20 நிமிடம் நிற்காமல் ஓட முடிந்தால் அது நல்ல முன்னேற்றம்.

பலர் இடறுவது ஓட ஆரம்பித்த மூன்றாம் நான்காம் வாரத்தில். இரத்தத்தின் அளவு கூடுவதால் மூச்சு இரண்டே வாரத்தில் இலகுவாகிவிடும். தசைநாணும் எலும்பும் அந்த வேகத்தில் மாறாது, அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். மூச்சு சுலபமாக இருக்கிறதே என்று தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் குதிகால் தசைநாண் தடிப்பதும் முன்னங்கால் எலும்பு வலிப்பதும். உங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு சுமை காலில் இறங்குகிறது. கூடிய 7 கிலோ என்பது அடிக்கு அடி 14 முதல் 21 கிலோ கூடுதல் சுமை.

எது சாதாரண வலி, எது எச்சரிக்கை என்பதற்கு எளிய அளவுகோல் காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடி. பயிற்சியின்போது பத்துக்கு மூன்று மதிப்பெண் வரை வலி இருந்தால் தொடரலாம். மறுநாள் காலை அந்தப் பத்து அடியும் வழக்கம்போல இருந்தால் அளவு சரி. முந்தைய காலையைவிடக் கூடுதலாக நொண்டினால் அடுத்த தடவை பாதி அளவு மட்டும்.

இப்போது நீங்கள் கேட்ட ஊக்கத்துக்கு வருகிறேன். ஊக்கம் வந்தபின் செயல் என்று நாம் காத்திருக்கிறோம். பெரும்பாலும் நடப்பது தலைகீழாக. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று, ஒன்றைச் செய்து முடித்த அனுபவமே என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977லேயே எழுதினார். 15 நிமிட நடையைப் பத்து முறை முடித்தவருக்குப் பதினோராவது முறை செருப்பை மாட்டுவது பெரிய காரியமாக இருக்காது. 3 கிலோமீட்டர் ஓடி மூன்று நாள் முடங்கியவருடைய மனம் அடுத்த முறை தயங்கத்தான் செய்யும். அந்தத் தயக்கம் நியாயமானது.

உங்கள் நாள் உங்கள் கையில் இல்லை. அதனால் ‘காலை ஆறு மணிக்கு ஓடுவேன்’ என்ற திட்டம் அம்மாவுக்கு உடம்பு முடியாத முதல் இரவிலேயே உடைந்துவிடும். மணிக்குப் பதிலாக ஒரு நிகழ்வோடு கட்டுங்கள். ‘அம்மா மதியம் தூங்கியதும் காலணி மாட்டுவேன்.’ ‘வேறொருவர் பார்த்துக்கொள்ள வந்தால் வெளியே நடப்பேன், யாரும் வராவிட்டால் கூடத்தில் குதிகால் பயிற்சி.’ இப்படி ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே எழுதி வைப்பது, வெறும் ஆசையைவிட நன்றாக வேலை செய்கிறது.

ஒரு தாளில் மூன்று அளவுகளை எழுதி ஒட்டிவிடுங்கள். நல்ல நாளுக்கு அன்றைய முழுத் திட்டம். பாதி நாளுக்கு 10 நிமிட நடை. மோசமான நாளுக்கு ஐந்தே நிமிடம்: நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது 10, குதிகால் தூக்குவது 10, மறுபடி ஒரு சுற்று. இரவு ஐந்து மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்றால் மறுநாள் தானாகவே மோசமான நாள் பட்டியலில் சேரும், அதற்கு மேல் செய்யக் கூடாது. ஐந்து நிமிடமெல்லாம் கணக்கா என்று தோன்றும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியையும் இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடம் செய்தால்தான் சேரும் என்ற பழைய நிபந்தனை அதில் இல்லை. உங்கள் ஐந்து நிமிடமும் சேரும்.

நாள் தவறும், அதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் பழக்கம் உருவாகும் விதத்தைப் பின்தொடர்ந்தபோது, ஒரு செயல் தன்னியல்பாக மாற சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுவே ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. இடைவெளி ஒரு வாரத்துக்குள் என்றால் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். இரண்டு வாரம் என்றால் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். ஒரு மாதம் என்றால் பாதி. இரண்டு மாதத்தைத் தாண்டினால் முதல் வார நடைக்குத் திரும்புங்கள். காய்ச்சல் உள்ள நாளில் எதுவும் வேண்டாம்.

அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பதும் உங்கள் உடலுக்குச் சுமைதான், அதை மறந்துவிடாதீர்கள். கட்டில் உங்கள் இடுப்புக்குக் கீழே மிகத் தாழ்வாக இருந்தால் உயர்த்துங்கள். கால்களை அகட்டி, முட்டியை மடக்கி, அவரை உங்கள் உடம்போடு நெருக்கி எழுப்புங்கள். பக்கவாதம் வந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தசைப் பிடிப்பு இழந்த தோள்மூட்டு நழுவிவிடும். இடுப்பில் பிடிப்பதற்கென்றே பட்டை இருக்கிறது, ஃபிசியோதெரபிஸ்ட் காட்டிக் கொடுப்பார். அவருக்கு எழுந்து உட்காரும் பயிற்சி சொல்லியிருந்தால் நீங்களும் எதிரே ஒரு நாற்காலி போட்டுச் செய்யலாம்.

எடையைப் பற்றி முதல் மூன்று மாதம் கவலைப்பட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் சேர்ந்தால் தசை திரும்ப உதவும்.

நெஞ்சில் அழுத்தம், மயக்கம், காரணமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் இரத்தக்கட்டி இருக்கலாம், அதைத் தேய்க்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் கரும்பழுப்பாகப் போனாலும் அன்றே காட்ட வேண்டும். எலும்பு கூடிய இடத்தில் விரல்நுனி வைத்தால் குத்துகிற வலியோ இரவில் எழுப்பும் வலியோ இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

முதல் மாதம் கைக்கடிகாரத்தில் தூரத்தைப் பார்க்காதீர்கள், நிமிடத்தை மட்டும் பாருங்கள். பழைய 5 கிலோமீட்டர் நேரக் குறிப்புகள் ஃபோனில் இருந்தால் இப்போதைக்கு அவற்றைத் திறக்க வேண்டாம்.