பன்னிரண்டரைக்கு வந்து உட்காருங்கள்

கேள்வி: நாங்கள் ஹட்டனில் இருக்கிறோம். பள்ளி விடுமுறைக்கு மூன்று நாள் கிளிநொச்சி வருகிறோம். கணவரின் சித்தி தர்மபுரத்தில் இருக்கிறார். அவர் வீடு சின்னது என்பதால் டவுனில் லொட்ஜ் எடுத்திருக்கிறோம். மாமியார் சுத்த சைவம். மாமாவுக்குச் சீனி வருத்தம். மகளுக்கு ஆறு வயது, காரம் வாயில் வைக்க மாட்டாள். கணவருக்குக் கொத்து ரொட்டி இருந்தால் வேறெதுவும் வேண்டாம். போன தடவை மூன்று மணிக்கு ஒரு கடைக்குள் போய், முக்கால் மணி நேரம் காத்திருந்து, ஆறிப்போன ஃபிரைட் ரைஸ் சாப்பிட்டுவிட்டு வந்தோம். கடை நிறைய ஆண்கள் வேறு, எனக்கு ஒரு மாதிரியாகப் போய்விட்டது. நல்ல கடைகளின் பெயரைச் சொல்வீர்களா?
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, பெயர் சொல்ல மாட்டேன். கோபிக்க வேண்டாம். இங்கே சமையல்காரர் போய்விட்டால் கடையும் போய்விட்டது என்றுதான் அர்த்தம். நான் ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்த ஒரு கடைக்குக் கொழும்பிலிருந்து வந்த விருந்தாளிகளைக் கூட்டிப் போய், பருப்பைத் தவிர எதையும் தொட முடியாமல் எழும்பி வந்த அனுபவம் எனக்கு உண்டு. அன்றைக்கு விட்டேன் இந்தச் சிபாரிசு வேலையை.

ஆனால் நடந்த பிழை எது என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: மூன்று மணி. அது நல்ல கடையாகவே இருந்திருக்கலாம். மூன்று மணிக்கு இங்கே சோற்றுப் பானை கழுவிக் கவிழ்த்தாகிவிடும். வீடு தேடி வந்தவர் சாப்பாடு கேட்டால் இல்லை என்று சொல்ல நம்மவர்களுக்கு வாய் வராது. "இருக்கு, இருங்கோ" என்பார்கள். அதற்கு, உள்ளே போய் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறார்கள் என்று பொருள். மத்தியானச் சோறு மிச்சமிருந்தால் அதுதான் உங்களுக்கு ஃபிரைட் ரைஸ்.

எங்கள் பக்கத்துச் சின்னக் கடைகளில் அடுப்புக்கு ஒரு நேரம் உண்டு. காலையில் இடியப்பம், பிட்டு, தோசை, சம்பல், சொதி. ஒன்பது மணி தாண்டினால் அடிச்சட்டிதான் வரும். சோறு பன்னிரண்டுக்குச் சற்று முன்பே இறங்கிவிடும். பன்னிரண்டரைக்குப் போனால் கறிகள் எல்லாம் இருக்கும், சூடாகவும் இருக்கும். ஒன்றரைக்குப் பிறகு நல்ல கறியெல்லாம் முடிந்திருக்கும். நாலு மணிக்குத் தேத்தண்ணியும் வடையும் ரோல்ஸும். கொத்துத் தகட்டில் சத்தம் கேட்கத் தொடங்குவது பொழுதுபட்ட பிறகு. பகலில் கொத்துக் கேட்டால் பல இடங்களில் தகடே சூடாகியிருக்காது. இரவு ஒன்பதரைக்குப் பசி வந்தால் பேக்கரிப் பாண்தான். ஆகவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், கொத்து ஒரு நேரம்தான், அதுவும் இரவில்தான்.

கொத்துப் பற்றி இன்னொன்று. இங்கே ஒரு கொத்து என்றால் இரண்டு பேர் சாப்பிடலாம். ஐந்து பேருக்கு ஐந்து சொல்லிவிட்டு மலைத்துப் போய் இருக்காதீர்கள்.

கடையை எப்படித் தெரிவது? பஸ் நிற்கிற இடத்தை வைத்துத் தெரிவு செய்யாதீர்கள். தூரப் பஸ்கள் சாப்பாட்டுக்கு நிறுத்துகிற கடைகளில் சாரதிக்கும் நடத்துநருக்கும் தனிக் கவனிப்பு உண்டென்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். அங்கே நீங்கள் திரும்பி வரப்போவதில்லை என்பது கடைக்காரருக்கும் தெரியும். தினமும் அதே முகங்களுக்குச் சோறு போடுகிற கடைதான் நம்பிக்கையானது. கிளிநொச்சி டவுன் ஏ9 வீதியோடு நீண்டு கிடக்கிற ஊர். கச்சேரி, ஆஸ்பத்திரி, வங்கிகள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் அந்த வரிசையிலோ அதை ஒட்டியோதான் இருக்கின்றன. கரடிப்போக்குச் சந்தியிலிருந்து மெல்ல நடந்து வாருங்கள். பன்னிரண்டு மணிக்குக் கந்தோர்க்காரரும் தாதிமாரும் பார்சல் கட்ட நிற்கிற கடை எது என்று பார்த்தால் போதும். நாளைக்கும் அவர்கள் வர வேண்டும், அதனால் பழைய கறியை அங்கே தள்ள முடியாது.

உங்களுடைய மற்ற வருத்தத்துக்கும் அதுவே வழி. ஒரு கடையில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்று வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம். பஸ் நிலையத்தை அண்டிய தேத்தண்ணிக் கடைகள் பின்னேரத்தில் ஆண்களின் இடம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பார்ப்பார்கள். அதை நாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. "குடும்பமா இருக்க இடம் இருக்கா தம்பி?" என்று கேளுங்கள். உள்ளே ஒரு அறையோ பின்பக்க மேசையோ பல கடைகளில் உண்டு. மலசலகூடத்தையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள், பிள்ளையோடு வருகிறீர்கள்.

மாமியாருக்கும் மாமாவுக்கும் முதல் தெரிவு அம்மாச்சி உணவகம். வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்களே சமைத்து விற்கிற இடம். கிளிநொச்சியிலும் உண்டு, வழியில் வவுனியாவிலும் உண்டு. பாரம்பரியச் சாப்பாடு, கண்ணுக்கு முன்னாலேயே சுட்டுத் தருவார்கள், மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் கிடையாது. குரக்கன் பிட்டு இருந்தால் மாமாவுக்கு அதை வாங்குங்கள். உங்கள் வயசுப் பெண்கள் அடுப்படியிலும் மேசையிலும் நிறைய இருப்பார்கள், நீங்களும் ஆறுதலாக உட்காரலாம்.

மற்றக் கடைகளில் மாமியாருக்காக ஒரு விஷயத்தில் மிகக் கவனம். "மரக்கறிச் சாப்பாடு" என்று கேட்டால் இறைச்சி வராது, உண்மை. ஆனால் தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசிக் கருவாடு கலந்திருக்கலாம். மீன் குழம்பில் கிடந்த அகப்பையே பருப்புக்கும் போகும். கொத்து அதைவிட மோசம். சைவக் கொத்து என்றாலும், கோழிக்கொத்துப் போட்ட அதே தகட்டில்தான் அடிப்பார்கள். அதனால் "சைவம்" என்று மட்டும் சொல்லாமல், "சம்பலில் மாசி போட்டிருக்கா?" என்று நேரே கேட்க வேண்டும். அல்லது சைவக் கடை என்று பலகை போட்ட இடத்துக்கே கூட்டிப் போங்கள். வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் சுலபம். இங்கே பாதி ஊர் அன்று மரக்கறிதான்.

மாமாவின் தேத்தண்ணி. ஹட்டனில் இருந்துகொண்டு எங்களிடம் தேத்தண்ணி குடிப்பது உங்களுக்குச் சோதனைதான், மன்னித்துக்கொள்ளுங்கள். சீனியைக் கலந்துதான் கொண்டு வருவார்கள். வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. உட்காரும்போதே "ஒன்று சீனி இல்லாமல்" என்று சொல்லி, கோப்பை வந்ததும் நீங்கள் ஒரு வாய் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நீங்கள் "காரம்" என்பதை நாங்கள் "உறைப்பு" என்போம். மகளுக்கு "உறைப்பில்லாமல்" என்று சொல்லுங்கள். ஆனால் எங்கள் ஆட்களின் உறைப்பில்லாமை ஆறு வயதுக்குப் போதாது. வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் எங்கள் கறியின் அத்திவாரம், அதைக் கேட்டுக் குறைக்க முடியாது. இடியப்பமும் சொதியும் அவளுக்குச் சரி, சொதியில் கிடக்கிற பச்சைமிளகாயை மட்டும் எடுத்துவிடுங்கள். முட்டைப் பொரியலை மிளகாய் போடாமல் கேட்டு வாங்கலாம். கைப்பையில் நாலு கப்பல் வாழைப்பழம் எப்போதும் இருக்கட்டும். தண்ணீர் போத்தலில் வாங்குங்கள். மலைத் தண்ணீர் குடித்த வாய்க்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் கனமாக இருக்கும்.

காசு விஷயம் சுருக்கமாக. 2022க்குப் பிறகு விலைகள் ஏறி இறங்கி ஆடுகின்றன, சுவரில் எழுதியிருப்பது பழசாக இருக்கலாம். சாப்பிட முன் கேட்டால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். சோற்றுக்கும் மரக்கறிக்கும் பெரும்பாலும் இரண்டாம் தரம் போடுவார்கள், மீனும் இறைச்சியும் ஒரு தரம்தான். கேட்காமலேயே மேசையில் ஒரு தட்டு வடையும் ரோல்ஸும் வந்து உட்கார்ந்தால் பதறாதீர்கள். எடுத்ததை எண்ணித்தான் காசு, தொடாதவை திரும்பிப் போய்விடும். தொட்டுத் தொட்டு வைக்காமல் மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் முல்லைத்தீவுப் பக்கம் போகிற எண்ணமிருந்தால் மத்தியானச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். கடல் மீனும் நந்திக்கடல் இறாலும் கிடைக்கிற ஊரில் உங்கள் கணவர் கொத்தை மறந்துவிடுவார். மாமியாருக்கு மட்டும் காலையிலேயே பார்சல் கட்டிக்கொண்டு போங்கள்.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 75 கிலோமீட்டர். நடுவில் முறிகண்டியில் பிள்ளையாருக்காக வண்டி நிற்கும். கச்சானை, அதுதான் வேர்க்கடலையை, அங்கே வாங்குங்கள், வறுத்த சூட்டோடு தருவார்கள்.

கடைசியாகச் சித்தி வீடு. பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் போனால் தர்மபுரம். எழுபதுகளின் கலவரங்களுக்குப் பிறகு உங்கள் மலையகத்திலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் காடு வெட்டிக் குடியிருந்த ஊர் அது. லொட்ஜில் தங்குவதையே சித்தி மனதுக்குள் வைத்திருப்பார். அங்கே போகிற நாளில் கடையில் சாப்பிட்டுவிட்டுப் போய் "வயிறு நிறைந்திருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் நாளே போன் எடுத்து, "மத்தியானம் உங்கள் வீட்டில்தான், மாமிக்கு மட்டும் மரக்கறி" என்று சொல்லிவிடுங்கள். அந்த நேரத்துக்கு எந்தக் கடையும் தேட வேண்டியதில்லை.