கேட்காமலே கேட்கும் கேள்வி: மார்த்தாண்டத்துத் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

நீட் தேர்வு கைகொடுக்காத தங்கள் மகள் நரம்பு மின்னியல் (நியூரோ எலக்ட்ரோபிசியாலஜி) படிக்க விரும்புவதாகவும், 'ஆபரேஷன் தியேட்டரில் மிஷின் பார்க்கவா பிள்ளையைப் படிக்க வைப்பது' என்று வீட்டில் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். மிஷின் பார்க்கும் வேலைதான். ஆனால் அதில் என்ன பார்க்கிறார்கள் என்று அறிந்த பின் முடிவெடுங்கள்.

வளைந்த முதுகெலும்பை நிமிர்த்தும்போதோ தண்டுவடக் கட்டியை எடுக்கும்போதோ கால் செயலிழந்தால், மயக்கத்தில் இருக்கும் நோயாளியால் அதைச் சொல்ல முடியாது. 1973-இல் பிரெஞ்சு மருத்துவர் ஸ்டாக்னாராவின் குழுவினர் வெளியிட்ட முறைப்படி, அறுவையின் நடுவே மயக்கத்தைத் தெளிவித்துப் பாதத்தை அசைக்கச் சொல்வார்கள். அசையாவிட்டால் கேடு நேர்ந்தது தெரியும், எந்தக் கணத்தில் நேர்ந்தது என்பது தெரியாது. 'கால் அசைகிறதா' என்ற அதே கேள்வியை நோயாளியை எழுப்பாமல் அறுவை முடியும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதுதான் தங்கள் மகள் விரும்பும் பணி.

கணுக்கால் நரம்பை மின்துடிப்பால் தூண்டி, அது மூளையை எட்டுவதை உச்சந்தலை மின்முனையில் பதிவு செய்வது ஒரு வழி. அந்த அலை மிகச் சிறியதாதலால், நூற்றுக்கணக்கான முறை தூண்டிச் சராசரி எடுத்தால்தான் திரையில் தெளிவாகத் தெரியும். அதன் உயரம் பாதியாகக் குறைந்தாலோ, வந்து சேரும் நேரம் 10 சதவீதம் கூடினாலோ எச்சரிக்கை என்பது வழக்கமான அளவுகோல். ஆனால் இது பெரும்பாலும் தண்டுவடத்தின் பின்புற உணர்வுப் பாதையையே கண்காணிக்கிறது. முன்புற ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் வலுவிழந்தாலும் இந்த அலை மாறாமல் நிற்கக்கூடும். ஆகவே தலையின் மேலிருந்து மூளையைத் தூண்டிக் கால் தசைகளின் துடிப்பைப் பதிவு செய்யும் முறையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தத் தூண்டலில் தாடை இறுகி நாக்கு கடிபடும் என்பதால், வாயில் வைத்த துணிச்சுருள் நகரவில்லையா என்று பார்ப்பதும் இப்பணியைச் சேர்ந்ததே.

அலை சரிந்த நொடியில்தான் படிப்பு சோதிக்கப்படுகிறது. முதுகெலும்பில் பொருத்தும் திருகு ஏறியதாலா, ரத்த அழுத்தம் இறங்கியதாலா, மயக்க வாயுவைக் கூட்டியதாலா, அல்லது வயர் கழன்றதாலா என்று பிரித்தறிந்து, மூத்த சர்ஜனிடம் தயங்காமல் சொல்ல வேண்டும். திருகை எடுப்பதா, எலும்பை நிமிர்த்தும் கம்பியைத் தளர்த்துவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பழி மகள் மேல் விழுமோ என்று அஞ்சுகிறீர்கள். என்ன கண்டேன், எத்தனை மணிக்குச் சொன்னேன் என்று அப்போதைக்கப்போது எழுதி வைக்கும் பழக்கமே அவருக்குப் பாதுகாப்பு.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணைமருத்துவப் பட்டங்களில் நியூரோ எலக்ட்ரோபிசியாலஜி உண்டு. பட்டத்திற்குப் பின் படிக்க, தங்களுக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனத்தில் நியூரோ டெக்னாலஜி டிப்ளமோ இருக்கிறது; தகுதியை அவ்வாண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்லூரியானாலும் நான் கேட்கச் சொல்வது ஒன்றே: மாணவர் எத்தனை முதுகெலும்பு அறுவைகளில் உடன் அமர்கிறார்? மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. அறையோடு பயிற்சி முடிந்துவிடும் இடத்தில் படித்தால், தியேட்டர் வேலையைப் பின்னர் எங்கோ புதிதாகத்தான் கற்க வேண்டியிருக்கும்.

சில அறுவைகள் ஏழெட்டு மணி நேரம் நீளும். எக்ஸ்ரே எடுக்கும்போது ஈய அங்கியும் சுமக்க வேண்டும். இத்தகைய அறுவைகள் பெரிய நகர மருத்துவமனைகளில்தான் மிகுதி. வீட்டிலிருந்தே போய்வரும் வேலையாக எண்ண வேண்டாம். அறுவை அரங்கில் இடம் அமையும்வரை, நரம்பில் மின்துடிப்பு செல்லும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனைக் கூடங்களில் பணிபுரிய இதே படிப்பு உதவும்.

ஒன்று விட்டுப்போயிற்று. அறுவைக்கு முன் நோயாளியிடம் காலை அசைக்கச் சொல்லிப் பலத்தைக் குறித்துக்கொள்வார்கள். திருவனந்தபுரத்து வார்டில் 'கால் அனக்கு' என்று தங்கள் மகள் சொன்னால், நம் ஊர்க்காரருக்கும் மலையாளிக்கும் ஒருசேர விளங்கும். குழித்துறையில் ரயிலேறி ஒருநாள் அவரை அங்கே அழைத்துச் சென்று, படிப்பவர்களிடமே பேசவிடுங்கள்.