ஒன்பது வயது மகளின் கை தானாகத் துள்ளுகிறது. காரணத்தை எப்படிக் கண்டறிவார்கள்?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: இரண்டு வாரமாக மகளின் கை துள்ளுகிறது, டம்ளர் நழுவுகிறது, கையெழுத்து கோணுகிறது, பள்ளியில் சேட்டை என்கிறார்கள்.

சகோதரி, சேட்டையில் கையெழுத்து கோணாது. குழந்தையை யாரும் திட்ட விடாதீர்கள்.

முதலில் கைப்பேசியில் வீடியோ எடுங்கள். மருத்துவருக்குப் பாதி விடை அதிலேயே கிடைக்கும். சிறிது நேரம் அடக்கிவைக்க முடிகிற, ஒரே மாதிரி வெட்டு என்றால் பெரும்பாலும் 'டிக்'. அடக்கவே முடியாமல் இடம் மாறி மாறித் துள்ளி, தூங்கினால் நின்றுவிடுவது 'கொரியா'. உங்கள் இரண்டு விரல்களை அவள் கையில் கொடுத்து இறுகப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடி இறுகித் தளர்ந்து, மறுபடி இறுகுகிறதா? பால் கறந்த கைக்கு அந்த அசைவு உடனே புரியும். இதுவும் கொரியாவின் அடையாளம்; நாக்கை நீட்டச் சொன்னால் அதுவும் நிற்காமல் உள்ளே ஓடிவிடும்.

இந்த வயதில் திடீரென வரும் கொரியாவுக்கு முக்கியக் காரணம், சில மாதங்களுக்கு முன் வந்துபோன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொண்டைத் தொற்று. அதன் விளைவு இதய வால்வையும் தாக்கக்கூடும். அதனால் நெஞ்சில் தொந்தரவே இல்லாவிட்டாலும் எக்கோ (இதயத்தை ஒலி அலையால் பார்க்கும் ஸ்கேன்) பார்த்தாக வேண்டும்; இதை விட்டுவிடாதீர்கள். நோய் உறுதியானால் பெனிசிலின் ஊசி பல ஆண்டுகள் தொடரும்.

வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு கொடுத்தீர்களா? அதுவும் கழுத்தையும் கண்ணையும் இழுக்கும். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தவர் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்: உடலில் செம்பு சேரும் பரம்பரை நோயான வில்சன் நோயை இரத்தம், சிறுநீர், கண் பரிசோதனைகளில் தேடுவார்கள். ஆரம்பத்தில் பிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படும்.

பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். இந்த வாரமே போங்கள். காய்ச்சலோ மயக்கமோ சேர்ந்தால் இன்றே.