3,000 ரூபாய்த் தட்டு, 5,200 ரூபாய் ஞாயிறு

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 27. ஊர் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். கண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன்; போர்டிங்கில் இருக்கிறேன். சம்பளம் 95,000 ரூபாய். சேமலாப நிதி போகக் கைக்கு 87,400 வரும். வீட்டுக்கு 25,000 அனுப்புகிறேன். போர்டிங்குக்கு 15,000, கிழமை நாள் சாப்பாடு, சாமான்களுக்கு 20,000, பஸ்ஸுக்கு 6,000, தொலைபேசிக்கு 2,400 போகிறது. வீண் செலவு என்றால் ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை. அலுவலகத் தோழிகள் இருவருடன் பத்து, பத்தரை மணிக்கு ஏதாவது ஒரு கஃபேக்குப் போவேன். காலைச் சாப்பாட்டையும் பகல் சாப்பாட்டையும் ஒன்றாக முடித்துவிடுவோம், பிரன்ச் என்பார்கள். எப்படியும் 3,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆனாலும் சேமிப்பென்று ஒரு சதம் இல்லை. கடனட்டையில் 62,000 நிற்கிறது.

அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனபோது வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் ஒரு தட்டு முட்டைக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறேன். போன மாதம் அம்மா கிளினிக்குக்காகக் கண்டிக்கு வந்தபோது அந்தக் கஃபேக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கேக்கை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிடவா? என் சங்கிலியை அடகு வைத்து அட்டைக் கடனை முடித்துவிடலாமா?

பெயர் வேண்டாம், கண்டி

பதில்: இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான், மகள். வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்தவுடன் நான் பதில் எழுதவில்லை. கடைசி இரண்டு மாதப் பில்களையும் அட்டைக் கூற்றையும் அனுப்பச் சொன்னேன். கைப்பையின் அடியில் கிடந்து கசங்கிய எட்டுப் பில்களைப் படம் பிடித்து அனுப்பியிருந்தீர்கள். இரண்டில் கோப்பிக் கறை. அந்த இரண்டு மாதங்களில் ஒன்பது ஞாயிறுகள், ஒன்றில் ஊருக்குப் போயிருக்கிறீர்கள். மீதி எட்டுக்கும், முச்சக்கர வண்டிக்கென்று நீங்கள் குறித்ததையும் சேர்த்துக் கூட்டினேன். 41,600 ரூபாய் வந்தது. அப்படியென்றால் ஒரு ஞாயிறு 5,200.

நீங்கள் சொன்ன 3,000 பொய்யில்லை. அது விலைப்பட்டியலில் உங்கள் கண் பார்த்த தொகை. மூன்றாவது பில்லை எடுத்துக்கொள்வோம். முட்டையும் பாணும் காளானும் வைத்த தட்டு 1,600. ஐஸ் கோப்பி 850. 1,200 ரூபாய்க் கேக்கில் மூன்றில் ஒரு பங்கு 400. தண்ணீர்ப் போத்தல் 150. கூட்டினால் 3,000 சரியாக வருகிறது. அதன் கீழே சேவைக் கட்டணம் 10 சதவீதம், 300. இப்போது 3,300. அதன் மேல் வற் எனும் பெறுமதி சேர் வரி 18 சதவீதம், 594. ஆக 3,894. வற் வரி சேவைக் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். விலைப்பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் ‘வரியும் சேவைக் கட்டணமும் தனி’ என்று போட்டிருந்தால், எந்த விலையையும் 1.3ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 1,600 ரூபாய் முட்டை 2,080 ரூபாய் முட்டை ஆகிவிடும். பெருக்கிய பிறகும் சாப்பிட வேண்டும் போலிருந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

அந்தக் கஃபே மலை மேல் இருப்பதால் போக 450, வர 450. இது பில்லில் வராது. கையிலிருந்து போகும், மனதிலும் நிற்காது. மொத்தம் 4,794. வேறு இரண்டு ஞாயிறுகளில் தோழி ஒருவரின் பிறந்தநாளும் இன்னொருவரின் பதவி உயர்வும் வந்து, பில்லைச் சமமாகப் பங்கிட்டிருக்கிறீர்கள். அவற்றில் ஒன்றில் நீங்கள் சாப்பிட்டது 2,100 ரூபாய்க்கு; உங்கள் தலையில் விழுந்த பங்கு 3,700. சமபங்கு என்பது மீன் கேட்டவருக்கு நல்லது, தோசை கேட்டவருக்கு நட்டம். இதைத் தோழிகளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்திருக்கும். உட்காரும்போதே ‘எனக்குத் தனிப் பில்’ என்று பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டால், கடைசியில் யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியிருக்காது.

3,000 என்ற தொகை உங்கள் மனதில் உறைந்துபோனதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 2022 மே வரை வற் வரி 8 சதவீதம்தான். ஜூனில் 12 ஆனது, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. அந்த 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. பிறகு பணவீக்கம் இறங்கியது. விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. நம்மில் பலரும் இன்னமும் அதற்கு முந்தைய விலையில்தான் மனக்கணக்குப் போடுகிறோம். போன வாரம் கூட ஒரு ரோல்ஸின் விலையைக் கேட்டு நான் இரண்டாம் தடவை கேட்டேன்.

கோப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. 1869இல் இலைத்துரு நோய் வந்து அழிக்கத் தொடங்கும் வரை இந்த மலைகளில் கோப்பிதான் இருந்தது. நம் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து வந்தது அதைப் பறிக்கத்தான். இன்று அதே கோப்பியை ஐஸ் போட்டு 850 ரூபாய்க்கு நீங்கள் குடிக்கிறீர்கள். இதில் குற்றமாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. சொல்லப்போனால், கொஞ்சம் சந்தோஷமாகக் கூட இருக்கிறது.

இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். அம்மா கேக்கை முழுதாகச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அவர் விலையைக் கேட்டு வருந்தியதாக நீங்கள் எழுதவில்லை. வருத்தம் முழுவதும் உங்களுடையது. அது நல்ல மனசு என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அது பணத்துக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். குற்றவுணர்வு இருப்பதால் பில்லை வாங்கி மடித்துப் பைக்குள் போட்டுவிடுகிறீர்கள். கணக்குப் பிரிவில் நாள் முழுதும் ஊரார் பற்றுச்சீட்டுகளைச் சரிபார்ப்பவர், தன் எட்டுப் பில்களைக் கூட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்: நிலையான செலவுகள் 68,400 போக உங்களிடம் மீதி 19,000, ஞாயிறுகளுக்கு மட்டும் போனது 20,800. உடுப்பு, மருந்து, கல்யாண மொய் எல்லாம் அட்டையில் ஏறியதில் வியப்பில்லை.

அம்மாவின் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் முட்டைத் தட்டை விடுங்கள், அட்டையை ஒப்பிடுங்கள். உங்கள் கூற்றில் ஆண்டு வட்டி 26 சதவீதம் என்றிருக்கிறது. 62,000 ரூபாய்க்கு மாத வட்டி ஏறத்தாழ 1,343. நீங்கள் சொன்ன 1,350க்கு ஏழு ரூபாய்தான் குறைவு. மாதம் ஒரு பேர், அதாவது அந்த ஒரு நாள் கூலி, வங்கிக்குப் போகிறது, ஒரு வாய் கேக்கும் இல்லாமல். வீட்டில் தீபாவளி முற்பணம் வாங்கி மாதாமாதம் சம்பளத்தில் கழித்துப் பழகிய பிள்ளை நீங்கள். அட்டையையும் அப்படி ஒரு முற்பணம் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. முற்பணம் கழியக் கழியக் குறையும். அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் பெரும் பகுதி வட்டிக்கே போய்விடும்.

இன்னொன்று. முழுத் தொகையையும் கட்டாத மாதத்தில், புதிதாக வாங்குவதற்குக் கிடைக்கும் வட்டியில்லாக் காலமும் போய்விடுகிறது. ஞாயிறு காலை அட்டையைத் தேய்த்தால் அன்றே வட்டி ஓடத் தொடங்கும். ‘வார இறுதிக் கழிவு 20 சதவீதம்’ என்ற அறிவிப்பைப் பார்த்துத்தான் அட்டையைப் பயன்படுத்துவதாகச் சொன்னீர்கள். எட்டுப் பில்களில் கழிவு கிடைத்தது இரண்டில் மட்டும், இரண்டும் சேர்த்து 1,480 ரூபாய். அதே இரண்டு மாதங்களில் கட்டிய வட்டி 2,600க்கு மேல்.

சங்கிலி விஷயம். அடகு வட்டி அட்டை வட்டியைவிடக் குறைவாகக் கிடைத்தால், காகிதத்தில் உங்கள் யோசனை சரிதான். ஆனாலும் நான் தடுக்கிறேன். அட்டை பூச்சியமானதும் அதன் முழு வரம்பும் மறுபடி திறந்துகிடக்கும். ஞாயிற்றுக்கிழமை அப்படியே இருக்கும். ஆறு மாதத்தில் அட்டையிலும் கடன், அடகுக் கடையில் சங்கிலி என்று வந்து நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் கடன் 62,000தான். சம்பளத்திலேயே முடிக்கக்கூடிய கடனுக்குத் தங்கத்தைத் தொடாதீர்கள். அது உண்மையான அவசரத்துக்கு இருக்கட்டும்.

செய்ய வேண்டியது இது. சம்பளம் விழும் நாளிலேயே, வீட்டுக்கு அனுப்பும் அதே கையோடு, அட்டைக்கு 9,000 கட்டிவிடுங்கள். அட்டையைப் போர்டிங் அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். வரம்பைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு ஒரு கடிதமும் கொடுங்கள். புதிதாக எதையும் ஏற்றாவிட்டால் எட்டாவது மாதம் கடன் முடியும். மீதி 10,000இல் 4,000 மருந்து, உடுப்பு, மொய் போன்றவற்றுக்கு. 6,000 ஞாயிறுகளுக்கு. ஆமாம், 6,000. அடியோடு விட்டுவிடுகிறேன் என்று கிளம்புபவர்கள் மூன்றாவது வாரம் பசித்த புலிபோல் திரும்பி வருவதைத்தான் கண்டிருக்கிறேன். தோழிகளோடு உட்கார்ந்து சிரிக்கும் அந்த இரண்டு மணி நேரம் இல்லாமல் போர்டிங் அறையில் ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பது எவ்வளவு நீளம் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த 6,000இல் மாதம் ஒரு தடவை மலை மேல் கஃபே. போகும்போது வண்டி, வரும்போது இறக்கம்தானே, நடந்து வாருங்கள், 4,350க்குள் முடியும். மீதி மூன்று ஞாயிறுகளுக்கும் 1,650, அதாவது ஒன்றுக்கு 550. கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஒரு சைவக் கடையில் உட்கார்ந்து, சுடச்சுடத் தோசை, உழுந்து வடை, சாம்பாரை இரண்டாம் தடவை ஊற்றச் சொல்லி, கடைசியில் ஒரு பால் தேநீர். பத்தரை மணிக்குச் சாப்பிட்டால் அதுவும் பிரன்ச்தான், பெயர்தான் கிடையாது. அப்பமும் கட்டச் சம்பலும் கிடைக்கும் கடையென்றால் இன்னும் நல்லது. தோழிகளை நீங்களே அங்கே அழையுங்கள். இவ்வளவு நாள் இடத்தை அவர்கள் தெரிவு செய்தார்கள், நீங்கள் பின்னால் போனீர்கள் என்று எனக்கு ஓர் ஊகம்.

சேமிப்பு ஒரு சதமும் இல்லை என்று எழுதியதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 95,000க்குச் சேமலாப நிதியில் உங்கள் பங்கு 8 சதவீதம் 7,600; முதலாளியின் பங்கு 12 சதவீதம் 11,400; ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் 2,850. மாதம் 21,850 ரூபாய் உங்கள் பெயரில் சேர வேண்டும். சேர்கிறதா என்று நிலுவைக் கூற்றை எடுத்துப் பாருங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டு மாதம் முடிந்ததும் அந்த 9,000இல் 6,000ஐத் தேசிய சேமிப்பு வங்கியிலோ உங்களுக்குப் பக்கத்து வங்கியிலோ தனிக் கணக்கில் போடத் தொடங்குங்கள். வட்டியில் 10 சதவீதம் பிடித்துவைக்கும் வரியைத் தவிர்க்க, ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்ற சுய பிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுக்கலாம். நீங்கள் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள். மீதி 3,000 அம்மா கண்டிக்கு வரும் நாளுக்கு. இந்தத் தடவை கேக்கைப் பங்கிடாமல் ஆளுக்கொன்று வாங்குங்கள்.

கடைசியாக, உங்கள் ஏழாவது பில். வற் வரி 18 சதவீதம் என்று அறவிட்டிருக்கிறார்கள். ஆனால் பில்லில் எங்கு தேடியும் வற் பதிவிலக்கம் இல்லை. பதிவு செய்யாத கடை வற் வரி அறவிட முடியாது. விற்பனை குறைந்த சிறு கடைகள் பதிவு செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த முறை போகும்போது பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். காட்டாவிட்டால் அந்தப் பில்லைக் கசக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் முறையிட அது தேவைப்படும்.