கரிம வேதிப்பொருள்களைச் சூழலுக்குக் கேடில்லாமல் தயாரிக்க முடியுமா?

முடியும். ஆனால் பலர் தேடத் தொடங்கும் இடமே தவறு. வினைபொருள்களைப் பார்ப்பதற்கு முன்னால் கழிவுக் கேனைப் பாருங்கள்.

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், நான் பிரித்தெடுத்த விளைபொருள் ஒரு சிறு குப்பியின் அடியை மட்டுமே மறைத்தது. அதைப் பெறச் செலவான ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பான்கள் பக்கத்திலிருந்த கேனை நிரப்பியிருந்தன. ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்று கேட்கும் அளவுகோலை வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் 1992இல் முன்வைத்தார். மருந்துத் துறைக்கு அவர் தந்த விடை 25 முதல் 100 வரை, சில நேரம் அதற்கும் மேல். இதில் பெரும்பங்கு கரைப்பான்தான்.

கரைப்பானே இல்லாத வினையும் உண்டு. 1-இண்டனோனையும் 3,4-டைமெத்தாக்ஸிபென்சால்டிஹைடையும் சேர்த்து நசுக்கினால், இரண்டு திண்மங்களும் கண்முன்னே உருகி எண்ணெய் போலாகும். சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து அரைத்தால் சில நிமிடங்களில் மீண்டும் இறுகிவிடும். வெளியேறுவது தண்ணீர் மட்டுமே; வினைபொருள்களின் எடையில் ஏறத்தாழ 94 சதவீதம் விளைபொருளிலேயே தங்குகிறது. முதன்முறை இதைச் செய்தபோது கல்வத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

தொழிற்சாலை அளவில் எனக்குப் பிடித்த சான்று இபுப்ரோஃபென் என்ற வலிநிவாரணி. பழைய வழியில் ஆறு படிகள். உள்ளே போன அணுக்களின் எடையில் 40 சதவீதம்தான் மருந்தாயிற்று. அலுமினியம் குளோரைடு வினையூக்கி என்ற பெயரில் கூடை கூடையாகப் போய் உப்புக் கழிவாக வந்தது. புதிய வழியில் மூன்றே படிகள், 77 சதவீதம். துணைவிளைவான அசிட்டிக் அமிலத்தையும் மீட்டுக்கொண்டால் 99. இதற்கு 1997இல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. அந்தப் புதிய வழியில் பயன்படும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு கொடிய நஞ்சு என்பதையும் சொல்லியாக வேண்டும். அதை மூடிய அமைப்பில் மீட்டு மறுபடி பயன்படுத்துவதால்தான் கணக்கு நேராகிறது.

நொதிகளும் புரோலின் என்ற அமினோ அமிலம் போன்ற சிறு கரிம வினையூக்கிகளும் இன்று நல்ல துணை.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை: தண்ணீரில் செய்தாலே பசுமை என்று நம்பிவிடாதீர்கள். கரிமப் பொருள் கலந்த தண்ணீரைத் தூய்மையாக்குவது, ஒரே கரைப்பானை வடித்து மீட்பதைவிடப் பல நேரம் கடினம். முறையைத் தேர்ந்தெடுக்கும் முன், வினை முடிந்தபின் பிரித்தெடுக்க எவ்வளவு திரவம் செலவாகும் என்பதையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.